பெயரிலிருந்து உதிர்ந்த ஊர்

முரசும் பித்தளை ஊதுகருவிகளும் வாசித்தபடி அணிவகுக்கும் அமெரிக்காவின் இளையோர் டிரம் கோர் அணிகளில் 1950களிலிருந்து 1980கள் வரை வாசித்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய நினைவுக் குறிப்புகளும் பேட்டிகளும் அணி வரலாறுகளும் ஒரு தனித் துறை என்று சொல்லும் அளவுக்குப் பெருகிவிட்டன. அவற்றில் இரண்டு பேச்சுகள் ஓயாமல் வருகின்றன. எந்த ஆண்டு எந்த அணி புள்ளியில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றது என்ற கணக்கு ஒன்று. கலை கெட்டுப்போயிற்று என்ற புலம்பல் மற்றொன்று. 2000இல் பியூகிள் என்ற ஊதுகொம்புக்குப் பதிலாக எந்தச் சுருதியில் அமைந்த பித்தளைக் கருவியையும் அனுமதித்தார்கள், 2004இல் ஒலிபெருக்கியை உள்ளே விட்டார்கள், அத்தோடு எல்லாம் முடிந்தது என்கிறார்கள். அவர்களின் துக்கம் உண்மையானதுதான். ஆனால் இழவு விழுந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்த் துக்கம் விசாரிக்கிறார்கள் என்பது என் கட்சி. இந்த அணிகளைப் பெற்று வளர்த்த உள்ளூர் நிறுவனங்களோடு இருந்த உறவு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அறுந்துபோயிற்று. அதை அறுத்ததில் அணிகளுக்கே பெரும் பங்குண்டு.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் 1919இல் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் கிளைகளும், வெளிநாட்டுப் போர்களில் பணியாற்றியவர்களின் சங்கமும் ஊர்வலங்களுக்காக முரசும் பியூகிளும் கொண்ட அணிகளை அமைத்தன. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கும் அதே கருவிகளைக் கொடுத்தார்கள். கத்தோலிக்கப் பங்குகளும் சாரணர் படைகளும் காவல், தீயணைப்புத் துறையினரும் ஆளுக்கொரு அணியைப் பேணினர். சிகாகோவின் கேவலியர்ஸ் 1948இல் ஒரு சாரணர் படையிலிருந்து பிறந்தது. நியூவார்க் நகரின் பிளெஸ்ஸட் சேக்ரமென்ட் அணி தன் பங்கின் பெயரையே தாங்கி வந்தது. நாயனமோ குழலோ கிடையாது. பித்தளையும் தோலும் கொடியும் மரத்துப்பாக்கியும் மட்டுந்தான். 21 வயது முடிந்தால் விலகிவிட வேண்டும். கோடையில் கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை, மாதக் கணக்கில் மெருகேற்றி, ஊர் ஊராகப் போட்டியிட்டார்கள். தேசியப் பட்டம் வரை போனவை கொஞ்சமே. பெரும்பாலான அணிகளுக்கு ஜூலை 4 ஊர்வலமும் பக்கத்து மாவட்டப் போட்டியுமே உலகம்.

அந்தக் காலத்துத் தீர்ப்பு முறையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நினைவுகளின் சாயமே அதில்தான் ஏறியிருக்கிறது. நடுவர்கள் மேலே மாடத்தில் உட்கார்ந்துகொள்ளாமல், கையில் அட்டையோடு மைதானத்துக்குள் இறங்கி, வாசிப்பவனின் முகத்துக்கு நேரே வந்து நிற்பார்கள். ஒரு குச்சி பிந்தி விழுந்தாலும், ஒரு கால் வரிசை தவறினாலும் அட்டையில் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அணி முழு மதிப்பெண்ணோடு தொடங்கும், இழந்துகொண்டே போகும். 1983 வரை நீடித்த இந்த முறையை அதற்குப் பின் கைவிட்டார்கள். அந்தக் கோடுகளுக்குப் பயந்து பெற்ற ஒழுங்கு இன்று எவரிடமும் இல்லை என்று பழையவர்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தவறுக்கு மட்டும் தண்டனை இருந்த ஆட்டத்தில் கடினமான இசையைத் துணிந்து எடுப்பவன் தன் தலையில் தானே மண் போட்டுக்கொண்டான். இசையமைப்பாளர்களும் பயிற்சியாளர்களும் அந்த வேலியை முட்டியதில் வியப்பில்லை.

முட்டல் 1971இல் வெளிப்படையாயிற்று. கேவலியர்ஸ் ஒரு சர்க்கஸையே மைதானத்துக்குக் கொண்டுவந்தது. மேடிசன் ஸ்கவுட்ஸ் 'ஆலிஸ்' கதையை நடத்திக் காட்டியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, படைவீரர் சங்கங்கள் விதி வகுத்த அரங்கத்தில் கார்ஃபீல்ட் கேடட்ஸ் அமைதிச் சின்னத்தின் வடிவில் நின்றது. விதிகளும் வருமானமும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று முன்னணி அணிகள் ஒன்றுகூடின. டிரம் கோர் இன்டர்நேஷனல் உருவாயிற்று. விஸ்கான்சினின் வைட்வாட்டரில் 1972இல் அதன் முதல் பட்டத்தை அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. 1975இலேயே இறுதிப் போட்டி பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கலை விடுதலை என்று பார்த்தால் இது முழு வெற்றி. விலை வேறு பக்கம் விழுந்தது. பட்டத்துக்கு ஆசைப்பட்டால் கோடை முழுக்கப் பேருந்தில் நாட்டைச் சுற்ற வேண்டும், பள்ளி உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்க வேண்டும். பங்குத்தந்தைக்கும் லீஜன் கிளைக்கும் அது கட்டுப்படியாகாது. 1973இன் எண்ணெய் நெருக்கடி வேறு சேர்ந்தது. திறமையான பிள்ளை சொந்த ஊர் அணியை விட்டு வெல்லும் அணிக்குப் போனான். நூற்றுக்கணக்கில் இருந்த அணிகள் சில டஜன்களாகச் சுருங்கின.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி கார்ஃபீல்ட் அணிதான். நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் 1934இல் அது ஹோலி நேம் கேடட்ஸ் என்று பங்கின் பெயரில் பிறந்தது. பின்னர் கார்ஃபீல்ட் கேடட்ஸ் என்று ஊரின் பெயருக்கு மாறிற்று. 1983, 1984, 1985 மூன்று ஆண்டும் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றது அந்தப் பெயரில்தான். அடுத்து பெர்கன் மாவட்டத்தின் பெயர். கடைசியில் வெறும் கேடட்ஸ், இருப்பிடமும் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு மாறிற்று. பங்கு, ஊர், மாவட்டம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்ட இந்தப் பயணம் முழுவதும் அணி தரத்தில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. வாத்திய விதி மாற்றத்தைக் காட்டி அழுபவர்கள் இந்த வரிசைக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

ஊர்கள் தாமே சரிந்தன, அணிகள் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியூவார்க்கில் 1967 கலவரத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தன, பங்குகள் மெலிந்தன, பங்குப் பள்ளிகள் மூடப்பட்டன. இந்த எதிர்வாதம் வலுவானது, கிழக்குக் கரையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியானது. ஆனால் பிழைத்தவற்றைப் பாருங்கள். வயோமிங்கில் 1957இல் தொடங்கிய ட்ரூப்பர்ஸ் இன்றும் காஸ்பர் ஊரின் அணியாகவே அறியப்படுகிறது. பட்டங்களை அதிகம் குவித்த புளூ டெவில்ஸ் கலிஃபோர்னியாவின் கான்கார்டில் பல்லாண்டுகளாக பிங்கோ நடத்திக் காசு சேர்த்தது. உள்ளூரில் ஒரு கால் ஊன்றியவர்களுக்கே தேசியச் சுற்றின் சுமையைத் தாங்க முடிந்தது. பழைய உள்ளூர் உலகம் ஆண்பிள்ளைகளின் உலகம், அதை எதற்குப் போற்ற வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. பல முன்னணி அணிகள் பெண்களைச் சேர்க்கவில்லை என்பது மெய். நாடு சுற்றும் அணிகளின் காலத்தில்தான் கதவு பரவலாகத் திறந்தது. அதே காலத்தில் ஆடுபான் பான் பான்ஸ் போன்ற பெண்கள் மட்டுமே இருந்த அணிகளும் மறைந்தன. பெண்கள் மட்டுமே வாசித்து வென்ற அந்த மேடைக்கு ஈடு கிடைத்ததா என்பதை யாரும் சரியாக ஆராயவில்லை.

நினைவு ஏன் இதைப் பார்க்கத் தவறுகிறது? எஞ்சிய சான்றுகள் அப்படிப்பட்டவை. மாசசூசெட்ஸின் ஃபிளீட்வுட் நிறுவனம் இசைத்தட்டில் பதித்தது பெரிய போட்டிகளை. தொலைக்காட்சி காட்டியது இறுதிச் சுற்றை. புள்ளிப் பட்டியலில் நின்றவை முன்னிலை அணிகள். ஊர்வலத்தோடு முடிந்துபோன அணிகளுக்கு ஒலியும் இல்லை, எண்ணும் இல்லை. இறுதிப் போட்டிக்காக ஊரைக் கைவிட்ட அதே அளவுகோலால் இன்று நினைவும் அளக்கப்படுகிறது. முன்னாள் உறுப்பினர்கள் மீண்டும் கூடி வாசிக்கும் நிகழ்ச்சிகள் இதற்கு ஓரளவு மாற்று. ரெவியர் ஊரின் 27ஆவது லான்சர்ஸ் அணி 1986இல் கலைந்தது. 1994 இறுதிப் போட்டி பாஸ்டன் பக்கம் வந்தபோது பழையவர்கள் அணியாக மைதானத்தில் இறங்கினார்கள். அங்கே பாராட்டப்பட்டது பட்டமல்ல. லான்சர்ஸ் டிரம் கோர் இன்டர்நேஷனலின் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை.

இந்த ஏக்கத்துக்கு வேறொரு கணக்கும் பாக்கியிருக்கிறது. 2018இல் கேடட்ஸ் அணியின் தலைவர் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் வெளியானதும் பதவி விலகினார். 2024இல் அணியே மூடப்பட்டது. 1980களில் நடந்ததாகக் கூறப்படும் ஒரு பாலியல் குற்றம் தொடர்பான வழக்கின் செலவு அதற்கு முக்கியக் காரணம். ரசிகர்கள் பொற்காலம் என்று கொண்டாடும் பத்தாண்டும் வழக்கில் வந்து நிற்கும் பத்தாண்டும் ஒன்றே. ஊர்க்கட்டு இருந்திருந்தால் இது நடந்திராது என்று வாதிட நான் தயாரில்லை. பங்குகளின் வரலாறே அதற்கு இடம் தராது. ஆனால் இனி எழுதப்படும் அணி வரலாறுகள் புள்ளிப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்க முடியாது. லீஜன் கிளைகளின் கூட்டக் குறிப்பேடுகள், பங்குகளின் வாராந்தர அறிவிப்புத் தாள்கள், சிற்றூர் நாளிதழ்கள், நீதிமன்ற மனுக்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.