நினைவு தளர்ந்தபின் எழுதிய நூல்

டப்ளினில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்து, 26 நாவல்கள் படைத்தவர் ஐரிஸ் மர்டாக். திருமணத்தின் முந்தைய இரவில் மணமகள் விடுத்த மறுப்புக் குறிப்பால் கலையும் மணவிழாவைக் கூறுவது, 1995-இல் வெளிவந்த அவரது இறுதி நாவலாகிய 'ஜாக்சன்ஸ் டிலெம்மா'. பழைய வளம் இதில் இல்லையென மதிப்புரையாளர் சிலர் குறை கூறினர். 1997-இல் அவருக்கு அல்சைமர் நோய் எனத் தெரிந்தது. 1999-இல் மறைந்தார்.

குறை கண்டவர் கண்டது பொய்யன்று. அதன் காரணத்தையே அவர்கள் அறிந்திலர். 2005-இல் பீட்டர் கரார்டும் அவர்தம் குழுவினரும், 1954, 1978 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய இரு நாவல்களோடு இதனை ஒப்பிட்டு ஆய்ந்தனர். நடுவண் நூலில் செழித்திருந்த சொல்வளம் இறுதி நூலில் சுருங்கியிருந்தது. வாக்கிய அமைப்போ பெரிதும் மாறவில்லை. வீடு நிற்கிறது, உள்ளிருந்த பண்டங்கள் குறைந்துவிட்டன.

இந்நோயின் போக்கும் அத்தகையதே. மூளையில் உயிரணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் படிகிறது. உள்ளே டௌ என்னும் புரதம் சிக்குண்டு முறுக்கேறுகிறது. உயிரணுக்கள் மெல்ல மடிகின்றன. புதிய செய்தியைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி முன்னதாகவே தாக்குறுவதால், இளமை நினைவு நிற்க, இன்று காலை நிகழ்ந்தது மறைகிறது. பின்னர் பொருட்களின் பெயர்களும் சொற்களும் நழுவுகின்றன.

இத்தகைய நிலையில் நடுநிலை தவறாதிருக்க நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு நெறி வகுத்துள்ளனர். முதுமை முதலிய காரணங்களால் அறிவிப்பாளரின் நினைவு குழம்புவதை 'இக்திலாத்' என்றனர். அஃது ஒரு நோயின் பெயரன்று, நிலையின் பெயர். கூஃபா நகரத்து அதாஉ பின் அஸ்ஸாயிபிடம் குழப்பத்திற்கு முன் செவியேற்ற ஸுஃப்யான் ஸவ்ரீயின் அறிவிப்புக்களை ஏற்றனர். பின்னர்க் கேட்டோர் கூறியவற்றை ஏற்கத் தயங்கினர். அதாஉவைப் பொய்யர் என்றாரில்லை. சொல்லைக் காலத்தோடு பொருத்தி எடை போட்டனர். மனிதரின் மதிப்பைக் குறைத்தாரில்லை.

மர்டாக்கின் இறுதி நூலையும் அவ்வாறே படித்தல் வேண்டும். அதன் குறையை மறைக்கவும் வேண்டா. அதனைக் கொண்டு முந்தைய நூல்களை அளக்கவும் வேண்டா.

இந்நெறி நூலுக்கு மட்டுமன்று. ஒரே வினாவைப் பத்து முறை கேட்கும் வாப்பாவோ, மகளைப் பெயர் மாற்றி அழைக்கும் உம்மாவோ நம் பொறுமையைச் சோதிக்கவில்லை. விடை பதியவேண்டிய இடம் சிதைந்துவிட்டது. 'இப்போதுதானே சொன்னேன்' என்று கடிந்து என்ன பயன்? பதினோராவது முறையும் முகம் கோணாது விடை கூறுவோமாக.