மூலம் கைக்கு வந்தது, உரை?

குறுந்தொகையின் 401 பாடல்களையும் காலணா செலவில்லாமல் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். திருக்குறள், ஐம்பெருங்காப்பியங்களில் எஞ்சியவை, தேவாரம், சிவஞான சித்தியார், பாரதி, புதுமைப்பித்தன் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்க, அதையும் ஆய்வாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எடுத்து வைத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய செல்வம். ஆனால் இலவசமாகக் கிடைப்பது எது, எந்த நிலையில் கிடைக்கிறது என்பதை மாணவர் பக்கம் நின்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

தொடக்கம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கி வைத்தார். முதல் மின்னூல் திருக்குறள். யூனிகோடு நடைமுறைக்கு வராத நாள்கள் அவை. மயிலை எழுத்துரு, பிறகு டிஸ்கி, அதன்பின் யூனிகோடு என்று ஒரே நூலை மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்த மாலைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். சம்பளம் வாங்கியவர் எவருமில்லை. அமெரிக்காவில் 1971 ஜூலை 4 அன்று மைக்கேல் ஹார்ட் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் வழிமுறைதான் இது. தமிழில் எழுத்துரு என்ற முதல் மலையை வேறு தாண்ட வேண்டியிருந்தது.

தட்டச்சுக்கு ஆள் குறைவு, நூல்களோ ஏராளம். இயல்பாகவே மூலம் முதலில் ஏறியது, உரை பின்தங்கியது. கம்பனையோ குறளையோ மூலமாகவே ஓரளவு படித்துவிடலாம். சங்கப் பாட்டை உரை இல்லாமல் திறந்தால் தமிழ் இலக்கியம் முதுகலை மாணவரும் மூன்றாம் அடியில் நின்றுவிடுவார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு முடிகிறது, யார் யாரிடம் சொல்கிறார், உள்ளுறை எங்கே என்பதையெல்லாம் உரைதான் காட்டுகிறது. தமிழில் உரை பாட்டுக்கு வெளியே ஒட்டப்பட்ட குறிப்பு அன்று. பல நூல்கள் உரையோடு சேர்ந்தே பயிலப்பட்டன, ஏட்டிலும் சேர்ந்தே வந்தன.

குறுந்தொகையையே எடுத்துக்கொள்வோம். 380 பாடல்களுக்குப் பேராசிரியரும், அவர் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்ற செய்தி மட்டும் நமக்கு வந்து சேர்ந்தது, உரைகள் வரவில்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் தாமே உரை எழுதி முதற்பதிப்பை வெளியிட்டார். உ.வே.சா. பதிப்பு 1937இல் வந்தது. அதில் பதவுரை, விசேடவுரை, பாடபேதம், ஒப்புமைப் பகுதி, முகப்பில் நீண்ட நூலாராய்ச்சி எல்லாம் உண்டு. ஒரு மாணவருக்கு வேண்டியது ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே கட்டடத்துக்குள் இருக்கிறது. உ.வே.சா. 1942இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. ஆக 2003 தொடக்கத்தில் அந்தப் பதிப்பு பொதுச்சொத்தாகிவிட்டது. இணையத்தில் அதிகம் சுற்றுவதோ ஒப்புமைப் பகுதியும் பாடபேதமும் உரிக்கப்பட்ட வெறும் பாட்டுத்தான். சட்டத்தின் மேல் பழி போட இங்கே இடமில்லை.

அந்த 60க்கும் ஒரு கதை உண்டு. 1957 சட்டத்தில் 50 ஆண்டுதான் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் 1991 முடிவில், உரிமை வைத்திருந்த விஸ்வபாரதியின் கையை விட்டுப் போகவிருந்த நேரத்தில் பத்து ஆண்டு கூட்டப்பட்டது. ஒரு கவிஞருக்காக இழுக்கப்பட்ட கயிறு எல்லா மொழி எழுத்தாளர்களுக்கும் சேர்த்து நீண்டது.

தமிழ்நாடு இதற்கு முன்பே வேறு வழி கண்டிருந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கிப் பொதுவாக்க முடிவெடுத்தது. அதற்கு முன் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பரிடம் இருந்ததும், ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பாடியதற்காக எழுந்த வழக்கும் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியவை. அந்த முன்மாதிரியைத் தொடர்ந்து பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று நாட்டுடைமைப் பட்டியல் வளர்ந்தது. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை, வாசகருக்குத் தடையற்ற உரிமை. மேடையில் பேசப்படுவது கவிஞர், நாவலாசிரியர் பெயர்கள்தாம். என் கணக்கில் நாட்டுடைமையால் மாணவர் பெற்ற பெரிய பேறு, அதே பட்டியலில் சத்தமில்லாமல் இருக்கும் உரையாசிரியர்கள்.

மணிமேகலை இதற்கு நல்ல சான்று. அதன் 30 காதைகளில் 26 வரை உரை எழுதியவர் ந.மு. வேங்கடசாமி நாட்டார். அவர் 1944இல் மறைய, எஞ்சிய நான்கை ஔவை சு. துரைசாமிப் பிள்ளை எழுதி முடித்தார். கடினமானவை அந்த நான்கும்தான். 27ஆம் காதையில் சமயக் கணக்கர்கள் வரிசையாகத் தத்தம் கொள்கை சொல்கிறார்கள். 29இல் அறவண அடிகள் பௌத்த அளவையியலை மணிமேகலைக்குப் பாடமாகவே நடத்துகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள் என்று போகும் அந்தப் பகுதிக்கும் வடமொழி நியாயப்பிரவேசத்துக்கும் உள்ள நெருக்கம் அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தது. உரை இன்றி அங்கே ஓர் அடி நகராது. சட்டக் கணக்கில் நாட்டார் எழுதிய பகுதி 2005இல் விடுபட்டது. 1981இல் மறைந்த ஔவையின் பகுதி 2042 வரை காத்திருந்திருக்கும். கதை இலவசம், தத்துவம் பூட்டிய அறையில் என்ற அந்த விசித்திரம் நேராமல் காத்தது ஔவை நூல்களின் நாட்டுடைமை.

உரை கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா என்றால் இல்லை. காப்புரிமை முடிந்தது என்றாலே பழையது என்று பொருள். ஆங்கிலத்தில் பிளேட்டோவை இலவசமாகத் தேடும் மாணவருக்கு முதலில் கிடைப்பது 1871இல் வெளிவந்த ஜோவெட் மொழிபெயர்ப்பு. படிக்க இனிமையானது, ஆனால் விக்டோரியா காலத்துக் கனவான் பேசுவது போல சாக்ரடீஸ் பேசுவார். நம்மிடம் அந்த இடைவெளி இன்னும் அகலம். சிவஞான சித்தியார் சுபக்கத்துக்கு அறுவர் உரை உண்டு. அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர், இன்னொருவர் சிவஞான முனிவர். இருவரும் ஒருவரோடொருவர் மாறுபடும் இடங்கள்தாம் சைவ சித்தாந்தத்தின் சூடான பக்கங்கள். அந்த உரைநடைக்குள் நுழையவே ஓர் ஆசிரியர் துணை வேண்டும். பழைய உரைக்கும் இன்றைய மாணவருக்கும் நடுவில் நிற்கும் எளிய பதிப்பு தத்துவத்தில் மிகக் குறைவு. வெ. சாமிநாத சர்மா போன்றவர்கள் விதிவிலக்கு. 1942இல் போருக்கு நடுவே பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் திரும்பியவர். ‘பிளேட்டோவின் அரசியல்’, ரூசோவின் ‘சமுதாய ஒப்பந்தம்’ இரண்டும் அவர் தமிழில் தந்தவை. அவருடைய நூல்களும் நாட்டுடைமைதான். அரசியல் அறிவியல் படிக்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இன்றைய களஞ்சியங்களில் மாணவருக்கு முதலில் காட்ட வேண்டியது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். 2001இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. பாடலோடு உரையையும் சேர்த்து வைத்த இடம் என்பதால் மற்றவற்றைவிட ஒரு படி மேல். அதன் வழியாக நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்துக்குச் சென்றன. அங்கே பக்கப் படமும் எழுத்தும் அருகருகே இருப்பதால், ஐயம் வந்தால் அச்சையே பார்த்துக்கொள்ளலாம். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் எழுத்துணரி மென்பொருள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்கள் முன் தடுமாறுகிறது, சந்தி பிரிக்காத செய்யுளில் மேலும் தடுமாறுகிறது. மெய்ப்பு முடியாத பக்கத்தை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன.

ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் திட்டம். 1981இல் யாழ் நூலகம் எரிந்த மண்ணில் பிரதி எடுத்து வைப்பது உயிர்ப்பிரச்சினை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை மையமாகக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகம் முதற்பதிப்புகளுக்கு. தேவாரத்துக்குப் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் 2007இல் வெளியிட்ட மின்பதிப்பு தனி ரகம். பதிகம், வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தலங்களின் வரைபடம், ஓதுவார் குரல் எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. சங்கத் தொகைகளில் ஒன்றுக்காவது இப்படி ஒன்று செய்ய எந்தத் தமிழ்த் துறை முன்வந்தாலும் வரவேற்கலாம்.

அது வரும்வரை ஒரு முதுகலை மாணவருக்கு நான் சொல்லும் வழி, மூன்று சாளரங்களைத் திறந்து வைப்பது. ஒன்றில் இணையக் கல்விக்கழகத்தின் பாட்டும் உரையும், இன்னொன்றில் உ.வே.சா. பதிப்பின் பக்கப் படம், மூன்றாவதில் சிகாகோ பல்கலைக்கழகம் தேடும் வசதியோடு ஏற்றி வைத்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. பாடபேதம் இரண்டாவது சாளரத்தில் மட்டுமே இருக்கும்; அடிக்குறிப்பின் சிறிய எழுத்தில் இருப்பதால் படத்தைப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும்.