திருவெண்காட்டு ஆசானுக்கு ஒரு பக்கம்

சட்டைப் பைக்குள் அடங்குகிற படப் புத்தகம் ஒன்று பல வருஷமாக என்னோடு இருக்கிறது. உலகத்தின் பெரிய ஓவியர்களும் சிற்பிகளும் அதில் ஆளுக்கொரு பக்கம். மேலே பெயரும் பிறந்து இறந்த ஆண்டுகளும், நடுவே ஒரு படம், கீழே பத்து வரி. ஜியோத்தோவையும் தொனத்தெல்லோவையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தது அதுதான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் தஞ்சாவூரில் உட்கார்ந்து அதைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் கை நின்றுவிடும். ஜான் ஃப்ளாக்ஸ்மன், 1755–1826, இங்கிலாந்து.

ஃப்ளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல் சிற்பம் ஒன்று இதே ஊரில் இருக்கிறது. சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் பக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி நிற்கிறார். தன்னை வளர்த்தவருக்காக சரபோஜியே சொல்லிச் செய்வித்தது. நல்ல வேலைதான். ஆனால் அந்தத் தேவாலயம் இருக்கிற கோட்டைக்குள்ளேயே நிற்கிறது பெரிய கோயில். அதன் கருவறையைச் சுற்றிய இருட்டுச் சுவரில் திரிபுராந்தகரைத் தீட்டியவருக்கு என் புத்தகத்தில் பக்கம் கிடையாது. பெயர் தெரியாதவரை எந்த எழுத்தின் கீழ் சேர்ப்பது?

இதற்கு ஐரோப்பியர்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பெயர் அழிந்துபோன ஓவியரின் கைவாகு பிடிபட்டுவிட்டால், அவருடைய வேலையை வைத்தோ ஊரை வைத்தோ ஒரு பெயர் சூட்டிவிடுவார்கள். 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவரை 'ஃப்ளேமால் ஆசான்' என்றே நெடுங்காலம் எழுதினார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன? காவிரிப் படுகைக்கு அதுபோல் ஒரு சின்னப் படப் புத்தகம் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தால், முதல் பக்கம் யாருக்கு என்பதை நான் யோசிக்கவே மாட்டேன். திருவெண்காட்டு ஆசானுக்குத்தான்.

அவருடைய வேலை அரண்மனை வளாகத்தில், 1951இல் தொடங்கிய தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இடபவாகன தேவர், அதாவது காளையோடு நிற்கும் சிவன். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த திருமேனி. உயரம் மூன்றரை அடி இருக்கும். ஓங்கிய சடைமகுடம் இல்லை. சடையைப் பாம்புகளோடு சேர்த்து முறுக்கித் தலைப்பாகைபோல் சுற்றியிருக்கிறது. நான்கு கை இல்லை, மழுவும் மானும் இல்லை. மனிதருக்கு இருப்பதுபோல் இரண்டே கை. ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே போட்டு, உடம்பின் பாரத்தைப் பக்கத்தில் சாய்த்து நிற்கிறார். வலக்கை முழங்கையில் மடங்கி, மணிக்கட்டு தளர்ந்து, அந்தரத்தில் தங்கியிருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே ஒரு காளை நின்றது. காளை நமக்குக் கிடைக்கவில்லை.

நான் கிராமத்துப் பிள்ளை. ஏர் அவிழ்த்த பிறகு வரப்போரம் மாட்டின் முதுகில் கை போட்டுக்கொண்டு நிற்கிற பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன். தலையில் முண்டாசு, கால்மேல் கால் மாற்றி ஒரு நிற்பு, மாட்டின்மேல் கிடக்கிற கையில் எந்த அழுத்தமும் இருக்காது. வேலை முடிந்தது, இனி அவசரமில்லை என்று அந்தக் கை சொல்லும். ஆசான் அந்தக் கையைத்தான் வார்த்திருக்கிறார் என்று நம்புகிறேன். கயிலைநாதனுக்கு நெல்வயல்காரனின் ஓய்வைக் கொடுத்த துணிச்சல் அது. முழங்கை நிற்கிற உயரத்தையும் விரல்கள் தொங்குகிற கோணத்தையும் வைத்தே இல்லாத காளையின் திமில் எங்கே இருந்திருக்கும் என்று அளந்துவிடலாம். பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். இடுப்பு ஒதுங்கி, மார்பு எதிர்த்திசைக்குத் திரும்பி, தலை மறுபடி நடுவுக்கு வருகிறது. இந்த மூன்று திருப்பங்களும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கண்ணுக்குப் பிடிபடாது.

இந்தத் திருமேனிக்குக் கோலக்கவன் என்பவர் கொடை அளித்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011. அருகில் நிற்கும் உமையம்மை அடுத்த வருஷம், 1012. கொடுத்தவர் பெயரும் ஆண்டும் கல்லில் நிற்கின்றன. வார்த்தவர் பெயர் எங்கும் இல்லை.

அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் குழுவும் இங்கேதான் இருக்கிறது. சிவன் கைபிடிக்க, பார்வதி தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள். பின்னாலிருந்து லட்சுமி மணப்பெண்ணை மெல்ல முன்னே நகர்த்துகிறாள். நம் வீட்டுக் கல்யாணங்களில் அத்தையோ சித்தியோ முதுகில் கை வைத்து 'போம்மா' என்பார்களே, அதே கைதான். இது இடபவாகனரை வார்த்தவரின் கை என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே இருக்கிற தாராளம் இங்கே இல்லை. பதிலாக ஒரு கூச்சமும் நுணுக்கமும் இருக்கின்றன. ஒரே பட்டறையின் இன்னொரு ஆள் என்று வைத்து, இரண்டாம் பக்கத்தை அவருக்குக் கொடுப்பேன்.

வேலை நடந்த விதம் தெரிந்தால் மதிப்பு இன்னும் கூடும். சுவாமிமலையில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். திருமேனியின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று அளவு குறிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். அளவு முறைகளில் உத்தம தசதாளம் என்றால் உயரத்தில் 124 பங்கு, அம்மனுக்குரிய மத்திம தசதாளம் 120. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். மாவாக அரைத்த அந்த மண் விரல் நகத்தின் கோட்டைக்கூட வாங்கிக்கொள்ளும். மேலே கனமான மண் பூசி, கம்பி கட்டி, காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் செம்பு மிகுந்த உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்று. நெல் விளையவைத்த அதே வண்டல்தான் இந்த நகத்தையும் இமையையும் உலோகத்துக்குக் கடத்தியது. சோழர் காலத்து ஆசான்கள் நகையும் மடிப்பும் முகமும் மெழுகிலேயே முடித்தவர்கள். வார்த்த பிறகு உளி அதிகம் படவில்லை. அந்த வழுவழுப்புக்குக் காரணம் அதுதான். பிற்காலத் திருமேனிகளில் உளிவேலை கூடக்கூட உருவம் விறைத்துப்போவதைக் கலைக்கூடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது பக்கம் ஓவியருக்கு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, பெரிய கோயில் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொரு ஓவியம் தெரிவதைக் கண்டார். பல நூற்றாண்டுகள் மூடிக்கிடந்த சோழர் சுவர் அது. அதைப் பார்க்கும்பொருட்டு மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களையும் அழிக்காமல் தனியே பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டி வைத்திருக்கிறது தொல்லியல் துறை. இந்த வேலைக்கு நாம் பெருமைப்படலாம்.

ஈரச் சுண்ணத்தில் வரைந்த சுவர் என்று சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து எழுதினார். ஈரம் காய்வதற்குள் கோடு விழுந்தாக வேண்டும், தயங்க நேரமில்லை. அந்த வேகத்தில் திரிபுராந்தகரைப் பாருங்கள். பிரம்மா தேரோட்ட, வில்லை வளைத்து நிற்கிறார் சிவன். எதிரே அசுரர் கூட்டம், உருண்ட கண்ணும் பறக்கும் முடியுமாக. அவர்களைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு கலங்குகிற பெண்கள். வெல்லப்போகிறவருக்கும் அழியப்போகிறவர்களுக்கும் ஒரே கவனத்தைக் கொடுத்திருக்கிறார் ஓவியர். கோடு எங்கும் நடுங்கவில்லை. ராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பலர் சொல்கிற படம்தான் காலண்டர்களில் அதிகம் வருகிறது. என் கணக்கில் அந்தச் சுவரின் உச்சம் திரிபுராந்தகர்தான். திரிபுராந்தக ஓவியர் என்றே அவரை அழைப்பேன்.

அந்தச் சுற்றுக்குள் எல்லாரும் போக முடியாது, போகவும் கூடாது; மூச்சின் ஈரமே சுவருக்குப் பகை. படங்களில்தான் பார்க்கவேண்டும். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நடராசரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டே 1913இல் எழுதினார். 1921இல் அது அச்சானது. சின்னப் படப் புத்தகங்களின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றப் பக்கங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் நாகேசுவரன் கோயில் மாடங்களில் நிற்கும் ஆண்களையும் பெண்களையும் செதுக்கியவருக்கு ஒன்று. புள்ளமங்கையில் உள்ளங்கை அளவுக் கல்லில் கதை சொன்னவருக்கு ஒன்று. தாராசுரத்திலிருந்து கலைக்கூடத்துக்கு வந்த யானை உரித்த பெருமானுக்கு ஒன்று; அதில் பயந்து விலகும் பார்வதி ஒருத்திக்காகவே அந்தப் பக்கத்தைக் கொடுக்கலாம். தங்கத் தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படங்களுக்கும் இடம் உண்டு, கடைசியில்.

பெயர் கிடைத்த இடங்களும் உண்டு. பெரிய கோயில் கல்வெட்டு 'குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்' என்று ஒருவரைக் குறிக்கிறது. ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், தெருவும் வீடும் உட்பட அதே கோயிலில் பதிவாகியிருக்கிறார்கள். கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளின் உயரத்தைக்கூட முழமும் விரலும் தோரையுமாக அளந்து வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கணக்கு வைத்தவர்கள் வார்த்தவரின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆகவே பெயர் வைக்கிற பொறுப்பு நம்முடையது. கலைக்கூடத்தின் பெயர்ப்பலகையில் ஊரையும் நூற்றாண்டையும் எழுதுகிற இடத்தில் 'திருவெண்காட்டு ஆசான்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பார்க்கிறவர்கள் அந்தக் கையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பலர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அரண்மனை அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அடுத்த முறை வரும்போது இடபவாகன தேவருக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.