களரிக்கு முன்னால் பாய் விரித்தவர்கள்

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். பகலெல்லாம் தறிச் சத்தம். பாரத விழா நடக்கிற நாளில் இந்தப் பக்கத்து ஊர்களில் இரவைக் கூத்து எடுத்துக்கொள்ளும். 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர்கள் உள்ள திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் பகலில் பாரதக் கதை, இரவில் வீதி நாடகம். இப்பால் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ஜுனன் தபசு மரம் ஏறுவதும், துரியோதனன் மண்ணுருவாகப் படுகளத்தில் கிடப்பதும் இரு பக்கத்துக்கும் பொது.

கூத்தில் வடக்கத்தி, தெற்கத்தி என்று இரண்டு பெரும் பாணிகளைச் சொல்வார்கள். ஆனால் ஆடுகிறவர்களைக் கேட்டால் ஊர்ப் பெயர்தான் வரும். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரானின் ஊர். 1977-இல் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி, சென்னை நாடகக்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது புரிசையைத்தான். மார்க்வெஸின் கதையைக்கூடக் கூத்தாக்கிய குழு அது. இன்னொரு பெயர் பெருங்கட்டூர். அவ்வூர் ராஜகோபால் முன்னின்று, 1990-இல் தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கும் கலைஞர்களின் சங்கம் உருவானது.

தரம் என்பதை எதை வைத்துச் சொல்வது? சான்றிதழ் கிடையாது, தேர்வு கிடையாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து குரலும் சலங்கையும் முதலில் வரும், முகம் கடைசியில்தான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம்; இவைதான் கட்டைகள். அத்தனையும் சுமந்து ஆடுகளமான களரியைச் சுற்றிச் சுழன்று வந்து, நின்ற இடத்தில் மூச்சு வாங்காமல் அடுத்த அடியை எடுக்க வேண்டும். முகவீணை ஏறும் உச்சத்துக்குக் குரலும் ஏற வேண்டும். மிருதங்கம் முடிக்கும் இடத்தில் கால் விழவில்லையென்றால் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அதைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்தச் சபாவிலும் நான் கண்டதில்லை.

சினிமா கூத்தைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவது வழக்கம். எனக்கு அதில் பாதிகூட உடன்பாடில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஊர் வம்பையும் சினிமா மெட்டையும் எடுத்து வீசுவான். சிரிப்பு அடங்குவதற்குள் துரியோதனன் திரைக்குப் பின்னால் முழங்குவான். 1989-இல் ‘கரகாட்டக்காரன்’ ஓடிய பிறகு கரகம் ஆடியவர்களிடம் கூட்டம் அந்தப் படத்தின் பாட்டையே கேட்டது உண்மைதான். ஆனால் 1995-இல் நாசரின் ‘அவதாரம்’ வழியே கூத்தாடியின் வாழ்வைத் திரைக்குக் கொண்டு வந்ததும் அதே சினிமாதான். ஆட்டத்தின் சுகத்தைச் சினிமா அழித்துவிடாது; ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளைப் பாருங்கள். பம்பை வேகம் பிடித்ததும் வாத்தியாரே இல்லாத கால்கள் ஆடுகின்றன. கூத்து பார்க்க வருகிறவர்களும் அந்த ஜனங்கள்தானே! அவர்களுக்கு ஆட்டத்தின் சுகம் யாரும் கற்றுத் தந்ததல்ல.

என் வருத்தம் வேறு. மேடைக்காக ஒரு மணி நேரமாக வெட்டப்பட்ட கூத்தில் வேஷம் இருக்கிறது, சுழற்சி இருக்கிறது. பின்னிரவில் தொண்டை கட்டி, அதையும் மீறிக் குரல் திறக்கும் கட்டம் இல்லை. கர்ண மோட்சத்தில் கர்ணன் சாவதற்கு அந்த இரவு முழுவதும் வேண்டும். சாவு வீட்டுக் காரியத்துக்கு அதை ஆடச் சொல்லும் ஊர்களுக்கு இது தெரியும்.

2002-இல் காஞ்சிபுரம் அருகே தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். தலைமுறைகளாக ஆண்களே ஆடிய வேஷங்களில் அவர்கள் அதே எடையைச் சுமந்து அதே சுற்றைச் சுற்றினார்கள். அடுத்த பாரதத்துக்குத் தாம்பூலம் வைக்கும் விழாக் குழுவினர், பெண்கள் ஆடும் குழு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.