கைநாட்டும் ஒப்புதலும்: ஒரு படிவத்தை வாசித்தல்

கவிதையை வாசிக்கிறோம். நாவலைக் கட்டுடைக்கிறோம். ஆனால் நம் சனங்களின் கைக்கு அதிகமாக வந்துபோகிற பிரதி கவிதையும் இல்லை, நாவலும் இல்லை. அது படிவம். ரேஷன் கார்டுக்கு ஒரு படிவம், சாதிச் சான்றிதழுக்கு ஒன்று, பி.எஃப். பணம் எடுக்க ஒன்று, குழுக்கடனுக்கு ஒன்று. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்திருப்பது ஆய்வுக்கான ஒப்புதல் படிவம். மனிதர்களிடம் பேசி ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால், பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவுக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தின் வால்தான் நம் வாசலுக்கு வருகிற இந்தத் தாள். இதை ஒரு இலக்கியப் பிரதியை வாசிக்கிற அக்கறையோடு நாம் வாசித்தாக வேண்டும். ஏனென்றால் இதன் கதாபாத்திரங்கள் நாம்தான்.

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனிப் பெண்களின் வேலை, கடன், உடம்பு வலி பற்றி ஆராய வந்த ஒரு மாணவருக்காக அப்படியொரு படிவத்தைத் தமிழாக்கி, வளவு வளவாகப் போய் வாசித்துக் காட்டுகிற வேலை எனக்கு வாய்த்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாப் படிவங்களும் கிட்டத்தட்ட ஒரே மொழியில்தான் பேசுகின்றன.

முதலில் அந்தச் சொல்: 'பங்கேற்பாளர்'. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000-இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பு 'மனித ஆய்வுப்பொருள்' என்கிற அர்த்தத்தில் இருந்தது. 2006 நெறிமுறையின் தலைப்பில் அது 'மனிதப் பங்கேற்பாளர்' ஆகிவிட்டது. பொருளாக இருந்தவர் ஆளாகிவிட்டார், மகிழ்ச்சி. ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்குள் 'பங்கு' இருக்கிறது. திருப்பூரில் பங்கு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். பங்குதாரர்கள் சேர்ந்து நடத்துகிற கம்பெனிகளில்தான் இந்தத் தொழிலே வளர்ந்தது. திருப்பூரைப் பற்றி 2004-இல் நூல் எழுதிய ஷரத் சாரி, கவுண்டர் முதலாளிகள் தங்கள் ஏற்றத்தை 'உழைப்பு' என்ற ஒரே சொல்லால் விளக்கிக்கொண்டதையும், உறவும் கூட்டும் மூலதனமானதையும் விரிவாகக் காட்டினார். ஆக, இங்கே பங்கு என்பது சாதியோடு சேர்ந்தது. செக்கிங் டேபிளில் நிற்கிற அருந்ததியப் பெண்ணை 'பங்கேற்பாளர்' என்று எழுதும்போது எந்தப் பங்கை அவளுக்குத் தருகிறோம்? ஆய்வேடு ஒருத்தருக்கு, பட்டம் ஒருத்தருக்கு, வேலை ஒருத்தருக்கு. படிவத்தில் இதற்கும் ஒரு வரி தயாராக இருக்கிறது: இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை. நேர்மையான வரிதான். ஆனால் பங்கில்லாத பங்கேற்பு என்பது நமக்குப் பழசு. தேர் இழுக்கக் கூப்பிட்டு, சாமி கும்பிட வெளியே நிறுத்துவதும் அப்படித்தான்.

அடுத்தது கையெழுத்து. வாசித்து முடித்ததும் ஒரு அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, இதுல கையெழுத்துப் போட்டா லோனு ஏதாச்சும் வருமா?" வராது என்றேன். "அப்பப் போடலீன்னா ஏதாச்சும் பிரச்சனை வருமா?" அதுவும் வராது என்றேன். "ரெண்டும் இல்லீன்னா அப்பறம் எதுக்கு சாமி கையெழுத்து?"

இந்தக் கேள்விக்கு எந்த அறநெறிக் குழுவிடமும் சுலபமான பதில் இல்லை. அறியாமையிலிருந்து அவர் கேட்கவில்லை, அனுபவத்திலிருந்து கேட்கிறார். காகிதத்தில் கை வைத்தபோதெல்லாம் இவர்களுக்கு ஏதோ ஒன்று போயிருக்கிறது. அட்வான்ஸ் வாங்கிய நோட்டில் வைத்த கை, கந்துக்காரரின் வெற்றுப் பேப்பரில் வைத்த கை, கணக்குத் தீர்ந்தது என்று கம்பெனியில் வைத்த கை. கைநாட்டின் வரலாறே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை போடுவதற்கான சரக்கு ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மை தடவிப் பதிய வைத்தார். பிற்பாடு 'நான் கையெழுத்துப் போடவில்லை' என்று சொல்லாமலிருக்க அவரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே எழுதி வைத்திருக்கிறார். ஆக, நம் மண்ணில் ரேகை என்பது சம்மதத்தின் அடையாளமாகப் பிறக்கவில்லை. மறுக்க முடியாதபடி கட்டிப்போடுகிற கயிறாகப் பிறந்தது. அந்தக் கயிற்றையே நீட்டி 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று படிவம் சொல்கிறபோது, கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒன்றரை ஷிப்டிலிருந்து விலக முடியாதவர்கள், வாரக் கடனிலிருந்து விலக முடியாதவர்கள், இதிலிருந்து மட்டும் விலகலாமாம்.

இப்படிச் சொல்வதால் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று அர்த்தமில்லை. அப்படிச் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். 'எல்லாம் மேற்கத்திய சம்பிரதாயம், வெறும் அதிகாரக் காகிதம்' என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சம்மதம் என்கிற கருத்து மேற்கின் பெருந்தன்மையில் முளைக்கவில்லை, ஒடுக்கப்பட்டவர்களின் பிணங்களின்மேல் முளைத்தது. நாஜி முகாம்களில் கைதிகளின் உடம்பில் சோதனை நடத்திய மருத்துவர்களை விசாரித்த பிறகு, 1947-இல் நியூரம்பெர்க் நெறி வந்தது. அமெரிக்காவின் டஸ்கெகீயில் 1932 தொடங்கி 1972 வரை, மேகநோய் வந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு நோய் என்னவென்று சரியாகச் சொல்லாமலும், பென்சிலின் வந்த பிறகும் அதைத் தராமலும், உடம்பு எப்படிக் கெடுகிறது என்று வேடிக்கை பார்த்தது அரசாங்கச் சுகாதாரத்துறை. அது அம்பலமான பிறகுதான் 1979-இல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. இந்தத் தாளில் கறுப்பின மக்களின் ரத்தம் இருக்கிறது. அதை எடுத்து நம் கையில் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

படிவம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைவிட, படிவம் இருந்தும் என்ன ஆனது என்பதுதான் நமக்குப் பாடம். 2009-இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமிகளுக்குப் போட்டு ஒரு ஆய்வு நடந்தது. பாத் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் இருந்தன. சிறுமிகளில் ஏராளமானோர் ஆதிவாசிகள், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறந்துபோன சிறுமிகளின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசியைப் பற்றி நானும் இங்கே எதுவும் சொல்ல வரவில்லை. என் கேள்வி தாளைப் பற்றியது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அறநெறிக் குழு இருந்தது, படிவம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. சம்மதம் மட்டும் இல்லை.

இதைத் திருப்பூர்க்காரர்கள் வாசித்தால் உடனே ஒரு கட்டடம் கண்முன் வரும். ஹாஸ்டல். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கொங்குப் பகுதி நூற்பாலைகளும் சில ஆடை ஆலைகளும் வெளிமாவட்டத்துப் பெண் பிள்ளைகளைக் கூட்டிவந்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஹாஸ்டலில் வைத்த கதையை, 2011-இல் வந்த 'கேப்சர்ட் பை காட்டன்' அறிக்கை உலகத்துக்குச் சொன்னது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பகுதி தலித்துகள். அப்படியொரு ஹாஸ்டலில் ஆய்வு செய்ய வேண்டுமென்றால் அறநெறிக் குழு என்ன கேட்கும்? ஆய்வு நடக்கிற இடத்தின் அனுமதிக் கடிதம் கேட்கும். இடம் யாருடையது? முதலாளியுடையது. பிள்ளை வாயைத் திறக்க முதலாளியின் லெட்டர்ஹெட் வேண்டும். வார்டன் பக்கத்தில் நிற்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் 'பாரபட்சமற்ற சாட்சி' ஒருவர் வேண்டும் என்கிறது நெறிமுறை. நல்ல விதி. ஆனால் காண்ட்ராக்டர் ஒரு சாதி, சூப்பர்வைசர் ஒரு சாதி, வீட்டுக்காரர் ஒரு சாதி என்றிருக்கிற ஊரில், பாரபட்சமற்றவரை எங்கே போய்த் தேடுவது?

ஆய்வாளருக்கும் இடம் உண்டு, அந்த இடத்துக்கும் சாதி உண்டு. ஆந்த்ரே பெத்தெய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றுக்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர் வைத்து ஆராய்ந்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய பெயர்பெற்ற நூல் அது. அவர் தங்கியது அக்ரகாரத்தில். அதனாலேயே தன்னைப் பிராமணர்களோடு சேர்த்துப் பார்த்தார்கள், சேரியில் சகஜமாகப் புழங்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சேரியைப் பற்றிய அறிவு அக்ரகாரத்துத் திண்ணை வழியாகத்தான் வந்தாக வேண்டியிருந்தது. இன்றைய விண்ணப்பத்தில் ஆபத்து பற்றி பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். எந்தத் தெருவில் தங்குவாய், யார் வீட்டில் தண்ணீர் குடிப்பாய் என்று கேட்கிறார்களா?

பெயர் மறைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதுதான். 'உங்கள் பெயர், ஊர் எதுவும் வெளியே வராது' என்று வாசித்தபோது ஒரு அக்கா குறுக்கே வந்தார்: "என்ற பேர எதுக்கு மறைக்கறீங்க? நானென்ன திருட்டா பண்டிப்போட்டேன்? என்னைய அசிங்கமாப் பேசுனவன் பேரைப் போடுங்க மொதல்ல."

அந்த இரண்டாவது வாக்கியம் படிவத்தின் அடிமடியிலேயே கை வைக்கிறது. திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் நெடுங்காலம் வேலை செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரும் 2014-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பனியன் கம்பெனிக்குப் போக முடிந்த ஊர்த் தலித்துகளுக்கும், விசைத்தறி முதலாளியின் கடனில் கட்டுண்ட ஊர்த் தலித்துகளுக்கும் உள்ள வேறுபாட்டை அது நுட்பமாகச் சொல்கிறது. தலைப்பிலேயே டம்ளர் இருக்கிறது. கிராமங்களுக்கு மாற்றுப் பெயர்தான். பேசிய தலித்தைக் காப்பாற்ற அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் அதே மாற்றுப் பெயர் டம்ளர் வைத்திருப்பவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு புகார் எழுதினால் செய்தவன் பெயர், சாதி, இடம், நேரம் எல்லாம் வேண்டும். ஆய்வுக்கு அவை எதுவும் வெளியே வரக் கூடாது. ஒரே அனுபவம் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்றில் அது குற்றம், இன்னொன்றில் தரவு.

மறைத்தாலும் மறையாது என்பது இன்னொரு பக்கம். 1992-இல் வந்த 'கருக்கு' நூலில் பாமா தன் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரையும் புனைபெயராக்கிக்கொண்டார். ஆனாலும் ஊர் தன்னை அடையாளம் கண்டுகொண்டது, கோபப்பட்டது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே சனங்கள் அந்த எழுத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். எந்தக் குழுவும் அனுமதி தராத அந்தப் புத்தகத்தில் ஒரு அறம் இருந்தது. எழுதியவர் ஓடிப்போகவில்லை, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார். ஆய்வாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. களப்பணி முடிந்ததும் ரயிலேறிவிடலாம். அதனால்தான் அவருக்குப் படிவம் தேவைப்படுகிறது.

வீரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கத்துப் பறையர் பெண்ணான அவர் சொல்லச் சொல்ல, ஜோசியான் ரசீன் பத்து வருடம்போலப் பதிவு செய்தார். பிரெஞ்சில் 1995-இலும் ஆங்கிலத்தில் 1997-இலும் நூலானபோது அட்டையில் ஆசிரியர் பெயர்களில் முதலாவதாக வீரம்மா இருந்தார். அந்த நூல்மேல் ஆயிரம் விமர்சனம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் 'தகவலாளி எண் 7' என்று அவர் செத்துப்போகவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது குறைவான அறநெறியை இல்லை, நம்முடைய அறநெறியை. பெயரை மறைப்பதா வெளியிடுவதா என்பதைப் பேசுகிறவர் முடிவு செய்யட்டும். கையெழுத்துக்குப் பயப்படுகிறவரிடம் வாய்ச்சொல்லாகச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்யலாம். 2017 நெறிமுறையே அதற்கு வழிவிடுகிறது, ஆய்வாளர்கள்தான் பயன்படுத்துவதில்லை. சம்மதத்தை ஒரு தடவை வாங்கிப் பூட்டி வைக்காமல், எழுதி முடித்த பிறகு திரும்ப வந்து வாசித்துக் காட்டி மறுபடியும் கேட்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவரிடம் ஒரு மணி நேரம் பேசினால் அந்த நேரத்தின் கூலியைத் தர வேண்டும். அதை 'தூண்டுதல்' என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது, டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது. சாதியைக் கேட்கிற கட்டத்தில் 'எஸ்.சி.' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கொங்கில் அருந்ததியர் படுவது வேறு, பறையர் படுவது வேறு, தேவேந்திரர் படுவது வேறு.

கடைசியாகக் குழு. ஏழு முதல் பதினைந்து பேர்வரை இருக்கலாம் என்கிறது நெறிமுறை. மருத்துவர், வழக்கறிஞர், சமூக விஞ்ஞானி, சாதாரண மனிதர் ஒருவர். அந்தச் 'சாதாரண மனிதர்' யார் என்று எந்தப் பல்கலைக்கழகத்திலாவது போய்ப் பாருங்கள். கைமடிக்கிற பெண்ணோ, துப்புரவுத் தொழிலாளியோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, 'இந்தக் கேள்வியை எங்ககிட்டக் கேக்காதே' என்று சொல்கிற நாள் வர வேண்டும். நடக்காத காரியம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடிகள் ஆராய்ச்சியாளர்களால் அலுத்துப்போய், 2017-இல் தங்களுக்கென ஒரு ஆய்வு நெறியைத் தாங்களே எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை. எங்களிடம் வருகிறவன் இதற்கு உட்பட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ராயபுரத்துக்கும் அப்படியொரு தாள் வேண்டும். அதை நாம் எழுதி, வருகிற ஆய்வாளரிடம் நீட்ட வேண்டும். அவர் வாசித்துப் பார்க்கட்டும். புரியாத இடத்தைக் கேட்கட்டும். சம்மதமிருந்தால் அடியில் கையெழுத்துப் போடட்டும்.