பலமொழிப் பங்கின் புத்தாண்டுக் கணக்கு

ஜனவரி முதல் நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை இறைவனின் தாய் மரியாவின் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. 1968 முதல் அது உலக அமைதி நாளாகவும் இருக்கிறது. பல மொழியினர் கூடும் பங்குகளில், ஞாயிறுதோறும் ஆங்கிலத்துக்கு ஒரு நேரம், தமிழுக்கு ஒரு நேரம், மாண்டரினுக்கு ஒரு நேரம் என்று தனித்தனியே வருபவர்கள் இப்படிப்பட்ட பெருநாள்களில் ஒரே திருப்பலிக்குச் சேர்ந்து வருவது வழக்கம். முதல் வாசகம் ஒரு மொழியில், பதிலுரைப் பாடல் இன்னொன்றில், மன்றாட்டுகள் மொழிக்கு ஒன்றாக அமையும். ஆண்டு முழுவதும் பிரிந்திருந்து பெருநாளில் கூடும் இந்த ஏற்பாட்டின் நிறைகுறைகளைப் புத்தாண்டுத் திட்டம் வகுக்கும் ஒவ்வொரு பங்குப்பேரவையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். தமிழும் ஒரு வழிபாட்டு மொழியாக இருக்கும் சிங்கப்பூரை வைத்து அதை இங்கே பார்க்கலாம்.

சிங்கப்பூர்க் கத்தோலிக்க ஆலயங்கள் பல, மொழிவழி பிரிந்து வளர்ந்தவை. குவீன் தெருவில் 1870இல் முடிந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனரும் தமிழரும் முதலில் பகிர்ந்துகொண்டனர். 1888இல் ஓஃபிர் சாலையில் தமிழருக்கென லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. கேன்டனீஸ், ஹக்கா பேசுவோருக்கென 1910இல் டேங்க் சாலையில் திரு இருதய ஆலயமும், ஹொக்கியன் பேசுவோருக்கென 1929இல் புனித தெரசா ஆலயமும் வந்தன. இத்தனை ஆலயங்களிலும் அன்று திருப்பலி மட்டும் இலத்தீனில்தான் நடந்தது. மறையுரை, பாவமன்னிப்பு, மறைக்கல்வி, நோயுற்றோரைச் சந்திப்பது ஆகியவற்றுக்காகவே தனி ஆலயங்கள் தேவைப்பட்டன. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழிதிறந்தபின் திருப்பலியும் மொழிவழி பிரிந்தது. பின்னாளில் பங்குகள் வட்டார அடிப்படைக்கு மாறியதால், வெவ்வேறு ஆலயங்களில் இருந்த மொழிகள் ஒரே ஆலயத்தின் வெவ்வேறு நேரங்களுக்கு வந்து சேர்ந்தன.

தனித்தனித் திருப்பலியின் நிறை பெரிது. அதைக் குறைத்துப் பேசுவது அநீதி. ஒரு மொழியில் கடை நடத்தலாம், அலுவலகம் போகலாம். மனம் உடைந்த நேரத்தில் அந்த மொழி கைகொடுக்காமல் போகலாம். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்த் தொழிலாளி, வாரத்தில் கிடைக்கும் ஒரு விடுமுறையில், தன் தாய் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று சொல்ல வருகிறார். அவரை ஆங்கிலத் திருப்பலியின் கடைசி வரிசையில் உட்காரவைத்து அதை ஒருமைப்பாடு என்று அழைக்க முடியாது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 518ஆம் பிரிவும் இதை ஒப்புக்கொள்கிறது. பங்கு பொதுவாக வட்டாரத்தைச் சார்ந்தது என்று சொல்லும் அதே பிரிவு, தேவை இருந்தால் மொழி அடிப்படையிலும் பங்கு அமைக்கலாம் என்கிறது.

குறைகளும் உண்டு. எட்டு மணிக்கு வருபவருக்கும் பத்து மணிக்கு வருபவருக்கும் இடையே வாகன நிறுத்துமிடத்தில் ஒரு தலையசைப்போடு உறவு முடிந்துவிடுகிறது. ஒரு குழுவின் துக்கச் செய்தி அடுத்த குழுவை எட்டுவதில்லை. இதைவிடக் கவலை தருவது பிள்ளைகளின் நிலை. சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவதாகச் சொன்னவர்கள் 32.3 விழுக்காடு, 2020இல் அது 48.3 ஆனது. அதே காலத்தில் தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது. ஆங்கிலத்தில் மறைக்கல்வி கற்கும் பிள்ளை, உறுதிபூசுதல் முடிந்ததும் நண்பர்களோடு ஆங்கிலத் திருப்பலிக்குப் போகிறது. தமிழ்த் திருப்பலியில் பாட்டியும் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும் மிஞ்சுகிறார்கள். ஒரே குடும்பம் ஒரே ஞாயிறில் இரண்டு நேரங்களுக்குப் பிரிந்து போகிறது.

இதற்கு மருந்தாகத்தான் கூட்டுத் திருப்பலி முன்வைக்கப்படுகிறது. மற்ற நாள்களில் சிறு குழுவின் மொழியாக இருப்பது, நிறைந்த ஆலயத்தில் எல்லோர் காதிலும் விழுகிறது. தன் பாட்டியின் மொழி வாசக மேடையில் ஒலிப்பதைக் கேட்கும் பிள்ளைக்கு அது ஒரு பெரிய செய்தி. மற்றவர் மொழியில் மன்றாட்டு சொல்லப்படும்போது புரியாமலே 'ஆமென்' சொல்வதும் ஒரு விசுவாசச் செயல்தான்.

ஆனால் இந்தத் திருப்பலியின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வரிசை புலப்படும். மறையுரையும் அறிவிப்புகளும் பெரும்பான்மையின் மொழியில் இருக்கும். சிறுபான்மை மொழிக்கு ஒரு பாடலும் ஒரு மன்றாட்டும் கிடைக்கும். கருத்தைச் சொல்லும் பொறுப்பு ஒரு மொழிக்கும், அழகு சேர்க்கும் பொறுப்பு மற்ற மொழிகளுக்கும் என்று வேலை பிரிக்கப்படுகிறது. இது மரியாதை போலத் தோன்றினாலும், மறையுரை புரியாமல் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அன்றைய நாள் மற்ற ஞாயிறுகளைவிட வறியது.

சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை வேறு வழியைத் தேர்ந்தது. 1976 முதல் அது ஆங்கிலம், சீனம், தமிழ் என மூன்று 'ஆண்டு மாநாடு'களாக, அதாவது தனித்தனி நிர்வாகப் பிரிவுகளாக, இயங்குகிறது. தமிழ் மாநாட்டில் தமிழர் தாமே தலைமை ஏற்கிறார்கள், தாமே முடிவெடுக்கிறார்கள். விருந்தாளியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது உண்மையான வலிமை. ஆனால் ஒரு மொழி வீடுகளில் தேயத் தொடங்கினால், அம்மொழி மாநாடு அந்தத் தேய்வைத் தனியே சுமக்க நேரும். கத்தோலிக்கப் பங்கில் நிலைமை தலைகீழ்: சுமையைப் பகிர ஆள் உண்டு, அதிகாரத்தைப் பகிரும் பழக்கம் வளர வேண்டியிருக்கிறது.

என் முடிவு இந்த இடத்தில்தான் நிற்கிறது. எத்தனை மொழியில் பாடுகிறோம் என்பது ஒரு பங்கின் பன்மொழித்தன்மைக்கு எளிய சோதனை. எந்த மொழியில் முடிவெடுக்கிறோம், யாருடைய தேவை நம் காதுக்கு எட்டுகிறது என்பதே கடினமான, சரியான சோதனை. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் இதைத்தான் காட்டுகிறது. எருசலேமில் கிரேக்க மொழி பேசியோரின் கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டார்கள், முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதற்காகக் கூட்டு வழிபாடு ஒன்றை ஏற்பாடு செய்யவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பகிர்வுப் பொறுப்பையே அவர்களிடம் கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்கள் தரப்புக்கே பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

வரும் ஆண்டுக்கு இதிலிருந்து சில வேலைகள் பிறக்கின்றன. பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் என்கிறது சட்டத் தொகுப்பின் 537ஆம் பிரிவு. அந்தக் குழுவின் கணக்கு எல்லா மொழியிலும் அறிவிப்புப் பலகைக்கு வரட்டும். பங்குப்பேரவைக் கூட்டத்துக்கான குறிப்புகள் முன்கூட்டியே மொழிபெயர்க்கப்பட்டு, ஆங்கிலம் தயங்கிப் பேசுபவருக்கு உதவ ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். அரசின் மேற்சொன்ன கணக்கெடுப்பில் வீட்டுமொழி விழுக்காடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே வைத்துக் கணக்கிடப்பட்டது. வேலை அனுமதியில் வந்த தொழிலாளர் அந்த விழுக்காட்டுக்குள் இல்லை. அதை வைத்துத் தமிழின் தேவையை அளக்கும் பங்கு, தனக்கு மிகவும் தேவைப்படுபவரையே தவறவிடும். ஆகவே திருப்பலி நேரத்தைத் தலையெண்ணி ஒதுக்காமல், துவாஸிலோ கிராஞ்சியிலோ உள்ள தொழிலாளர் விடுதியிலிருந்து வருபவர் எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டு ஒதுக்க வேண்டும்.

கூட்டுத் திருப்பலியைக் கைவிட வேண்டாம், திருத்துவோம். மறையுரையின் சுருக்கம் மற்ற மொழிகளில் அச்சாகிக் கைக்கு வரட்டும். மக்கள் தமக்குரிய சில பகுதிகளை இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ பழக வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டிருந்ததும் நினைவில் கொள்ளத்தக்கது. யாருடைய வீட்டு மொழியும் அல்லாத இலத்தீனில் 'தூயவர்' கீதத்தை எல்லோரும் சேர்ந்து பாடினால், அங்கே விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. ஜனவரியில் புத்தாண்டும் பொங்கலும், அதையொட்டிச் சீனப் புத்தாண்டும் வருகின்றன. ஒவ்வொன்றையும் அந்தந்தக் குழுவே நடத்தி மற்றவரை அழைத்தால், அழைப்பவராக நிற்கும் பெருமை முறைவைத்து எல்லோருக்கும் கிடைக்கும். மறைக்கல்வி வகுப்பில் பொதுச் செபங்களைப் பிள்ளைகள் வீட்டு முதியவரின் மொழியிலும் கற்றால், பாட்டியின் திருப்பலி அவர்களுக்கு அந்நியமாகாது.

இவற்றுக்கு நேரமும் பணமும் பிடிக்கும். கூட்டங்கள் நீளும், மொழிபெயர்ப்பவர்கள் களைத்துப்போவார்கள், பெரும்பான்மையினருக்குச் சில மாலைகள் சலிப்பாகவும் இருக்கும். ஒருமைப்பாட்டின் விலையை இதுவரை சிறு குழுக்களே பெரும்பாலும் கொடுத்து வந்திருக்கின்றன. இந்தப் புத்தாண்டு முதல் அதைப் பங்கு முழுவதும் சேர்ந்து கொடுக்கட்டும்.