கிணற்றுக்கு ஒரு வலை: நுளம்பைத் தடுப்பதில் யாழ்ப்பாணமும் சென்னையும்

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அதுவரை இந்நாட்டில் காணாத ஒரு நுளம்பு பிடிபட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டெபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இதுதான். தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிறிது காலத்தில் யாழ் நகரிலும் அது இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டி.டி.ரி., மலத்தியோன், டெல்ராமெத்ரின் என்று நாம் நம்பியிருந்த மருந்துகளுக்கு அது எளிதில் மசியவில்லை. மருந்தடித்தே வீட்டைக் காத்துவிடலாம் என்ற எண்ணத்தை இனி நாம் கைவிட்டாக வேண்டும்.

சென்னைக்கு இந்த நுளம்பு புதிதல்ல. வீட்டுக் கிணறும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் அதன் பிறப்பிடம் என்பது அங்கே நெடுநாளாகத் தெரியும். எனவே சென்னைக்காரரின் முதல் வேலை மூடுவது. கிணற்றின் வாய்க்குக் கொங்கிறீற் பலகை அல்லது இறுக்கிக் கட்டிய வலை, தொட்டிக்கு இடுக்கில்லாத மூடி. மாநகராட்சிப் பணியாளர் மாடியேறி மூடியைத் திறந்து நுளம்பின் புழு (குடம்பி) இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மூட முடியாத கிணற்றில் கம்பூசியா மீன் விடுகிறார்கள். 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் புழுவை நன்றாகத் தின்னும். ஆனால் குளத்தில் விட்டால் நாட்டு மீன்குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் சேர்த்தே தின்றுவிடும். கிணற்றுக்கு வெளியே அதை விடுவது தவறு என்பதே என் கருத்து.

சென்னை முறையை அப்படியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முடியாது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணக்கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைநீரே நமக்குக் குடிநீர், குளிக்கும் நீர், தோட்டத்து நீர் எல்லாம். நிலத்தில் ஊற்றுவது எதுவும் கல்லின் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கே திரும்பி வரும். சுண்ணாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது அந்த ஊர்ச் சனம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆகவே புழுவைக் கொல்லக் கிணற்றில் மருந்து போடுவதை இறுதி வழியாக மட்டுமே வைத்திருக்க வேண்டும். கழிவெண்ணெய் ஊற்றுவது என்ற பேச்சே கூடாது.

கொங்கிறீற் பலகையும் நமக்குத் தோதுப்படாது. மோட்டார் வந்த பிறகும் மின்வெட்டு நாளில் வாளிதான் கைகொடுக்கிறது. கிணற்றுக்கட்டின் அளவுக்கு ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் நுளம்பு புக முடியாத வலை, ஒரு பாதி கீலில் திறந்து மூடக்கூடியதாக இருந்தால் போதும். சட்டத்துக்கும் கட்டுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் நுளம்பு உள்ளே போய்விடும். அந்த இடத்தைப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்து அடைத்துவிடலாம். மீன் வேண்டுமானால் சிறிய கப்பி மீன் போதும். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். மீண்டும் விட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் கதை வேறு. தமிழ்நாட்டில் குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வருவதால் பிளாஸ்ரிக் பீப்பாய்களிலும் குடங்களிலும் சேர்த்து வைக்கிறார்கள். அங்கே அது முட்டையிடும். இங்கே கிணற்றடித் தொட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மாரியில் வளவெங்கும் கிடக்கும் சிரட்டை. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டாலோ வடியவிட்டாலோ போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தும்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுப்பது இரு கரையிலும் உள்ள பழக்கம். மருந்தில்லாத நல்ல வழிதான். ஆனால் அந்தக் கிண்ணமே ஈடிஸுக்குத் தொட்டில். உப்புப் போட்டால் வராது என்பார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்நீரிலேயே ஈடிஸ் குடம்பிகள் வளர்வதாக 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே ஒரு பிடி உப்பை நம்ப வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் வைத்து வாரந்தோறும் மாற்றுங்கள்.

அந்தியில் வேப்பிலைப் புகை போடுவதும் நல்லதே. மாலையிலும் இரவிலும் கடிக்கும் நுளம்பை அது சற்று விலக்கி வைக்கும். ஆனால் ஈடிஸ் கடிப்பது பகலில். நகரசபை அடிக்கும் புகைமருந்தோ பறக்கும் நுளம்பை மட்டுமே தொடும். தண்ணீரில் கிடக்கும் குடம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சட்டம் நமக்கும் இருக்கிறது. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டம் 2007இல் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், வழக்கும் போடுகிறார்கள். ஆனால் பூட்டிக் கிடக்கும் வளவுக்கு யாரைக் கேட்பது? சொந்தக்காரர் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்க, கிணறு வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் சென்னை–பலாலி விமானமும் வந்து போகும் காலம் இது. பயணி ஒருவரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி வந்து இறங்கினால், அதைச் சுமக்கும் நுளம்பு இத்தகைய கிணறுகளில் தயாராக இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஊருக்குக் காசு அனுப்பும்போது, பக்கத்து வீட்டாரிடம் சொல்லி உங்கள் கிணற்றுக்கு ஒரு வலை போடச் சொல்லுங்கள்.